தவளையும் உயிர்நூற் கல்வியும்

ஐப்பசித் திங்களில் சென்னையில் மழை பிடித்துக்கொண்டால், ஆழ்வார்பேட்டையின் பழைய வீட்டுத் தோட்டங்களில் இரவெல்லாம் தவளைகளின் ஆரவாரம் கேட்கும். இன்று அவ்வீடுகளிற் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. கிணற்றடியும் வாழைப்பாத்தியும் இருந்த இடங்களில் வண்டிகள் நிற்கின்றன. ஆயினும், எங்கேனும் ஒரு காலிமனையில் முழங்காலளவு நீர் தேங்கிவிட்டால் போதும். எங்கிருந்து வந்தன என்று தெரியாதவாறு தவளைகள் வந்து குரல் எழுப்பத் தொடங்கும். அக்குரலைக் கேட்குந்தோறும் என் நினைவு நான் படித்த பள்ளியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும்.

அங்கே நீண்ட மேசைகளின்மேல், மெழுகு ஊற்றி உறைய வைத்த தட்டுகள் வரிசையாக இருக்கும். தவளை கொண்டுவந்து தருபவர் ஈரச் சாக்கு ஒன்றைத் தோளிற் சுமந்து வருவார். சாக்கு அசைந்துகொண்டே இருக்கும். ஆய்வுக்கூடப் பணியாளர் தவளைகளைக் கண்ணாடிச் சாடியிலிட்டுக் குளோரோஃபாம் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து மூடுவார். சற்று நேரத்தில் அசைவு அடங்கும். தவளையை மல்லாத்திக் கைகால்களைக் குண்டூசியால் மெழுகில் தைத்துவிட்டு, இடுக்கியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு ஆசிரியரின் முகத்தைப் பார்த்து நிற்போம்.

தவளையின் தோல் உடலோடு ஒட்டாமல் தளர்ந்திருக்கும். அதனடியில் நிணநீர்ப் பைகள் இருப்பதே காரணம். ஆகவே, தோலை நீக்குவது எளிது. அடுத்த வேலைதான் கடினம். வயிற்றுத் தசையின் நடுக்கோட்டில் ஒரு சிரை ஓடுகிறது. அதனை வெட்டிவிட்டால் குருதி பெருகி அனைத்தையும் மறைத்துவிடும். எனவே சற்று ஒதுங்கி, கத்தரியின் நுனியை மேல்நோக்கிப் பிடித்து வெட்டவேண்டும். என் பக்கத்தில் நின்ற மாணவன் அந்தச் சிரையை வெட்டிவிட்டு விழித்தான். நான் தப்பினேன். மார்பெலும்பை நீக்கியதும், உள்ளே ஒரு சிறு நெல்லிக்காய் அளவும் இல்லாத இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

தவளைக்கு உணர்வில்லை, ஆனால் இதயம் துடிக்கிறது. “மூளையின் ஏவல் இல்லாமலே துடிக்கும் உறுப்பு இது, துடிப்பு இதயத்திலேயே பிறக்கிறது” என்று ஆசிரியர் கூறினார். மேலறை இரண்டும் சுருங்கிய பின்னர்க் கீழறை ஒன்று சுருங்குவதைக் கண்ணாற் கண்டோம். மீனுக்கு இரண்டறை, தவளைக்கு மூன்றறை, நமக்கு நான்கறை என்று அதுகாறும் மனப்பாடம் செய்துவந்த வரி, அன்று பொருளுடையதாயிற்று. எங்களுள் ஒருவன் முகம் வெளிறி வெளியே போய் வேப்பமரத்தடியில் அமர்ந்துவிட்டான். நாங்கள் அவனைப் பார்த்து நகைத்தோம். அந்நகைப்பை எண்ணி இன்று நான் நாணுகிறேன்.

பள்ளியில் விலங்கின் உடலமைப்பைக் கற்பிக்கத் தவளையை அறுப்பது தேவையா என்பதே நாம் இங்கு எண்ண வேண்டிய செய்தி. தேவையில்லை என்பது என் கருத்து. அதனைக் கூறுமுன், எனக்கு எதிராக என் நினைவே சான்று சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியிற் படித்த பாடங்களிற் பெரும்பாலானவை மறந்துபோயின. அந்த இதயம் மறக்கவில்லை.

அறிவியல் தவளைக்குப் பட்டுள்ள கடனும் சிறிதன்று. குருதி உடலெங்கும் சுற்றிவருகிறது என்பதை 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி நிறுவினார். ஆனால், தமனிகளிலிருந்து சிரைகளுக்கு அது எவ்வழியாகச் செல்கிறது என்பதை அவர் காணவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலிய அறிஞர் மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மயிரினும் நுண்ணிய குழாய்கள் தமனியையும் சிரையையும் இணைத்திருந்தன. அவற்றையே இன்று தந்துகிகள் என்கிறோம். பின்னர், பொலோஞா நகரத்துக் கால்வானி, அறுத்தெடுத்த தவளையின் கால் உலோகம் பட்டவுடன் துள்ளுவதைக் கண்டு 1791-இல் நூலொன்று வெளியிட்டார். அம்மின்சாரம் தவளைக்குள் இருப்பதென்றார் அவர். இல்லை, இரு வேறு உலோகங்களிற் பிறப்பதென்றார் வோல்ட்டா. அவ்வழக்கின் பயனாக 1800-இல் வோல்ட்டாவின் மின்கலம் உலகுக்குக் கிடைத்தது. மின்கலத்தின் முன்னோரை எண்ணினால் ஒரு தவளையின் தொடையும் அதில் இடம்பெறும்!

ஆனால், மால்பீகி அறுத்தது ஒருவரும் அறியாத ஒன்றை அறிவதற்காக. நாங்கள் அறுத்தது, புத்தகத்தில் முன்பே வரைந்திருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. கல்லீரல் எங்கே, பித்தப்பை எங்கே, கணையம் எங்கே என்பது எங்களுக்கு முன் எத்தனையோ வகுப்புகள் கண்டது. எங்களுக்குப் பின் வந்தவரும் அதனையே கண்டனர். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருந்தால் நாற்பது தவளை. ஒரு நகரில் நூறு பள்ளிகள் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை அறுத்தாலும் நாலாயிரம். தேர்வுக்கு முன் பழகுவதற்கு, தேர்வன்று அறுப்பதற்கு எனக் கணக்கு மேலும் ஏறும். புதிதாக ஒன்றும் காணாத ஒரு செயலுக்கு இது பெருவிலை.

அத்தவளைகளை வளர்த்தவர் யாருமிலர். வயலிலும் ஏரிக்கரையிலும் பிடித்து வந்தவையே அவை. இதே காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால்கள் மேல்நாட்டவரின் உணவுக்காகக் கப்பலேறின. பூச்சிகளைத் தின்று பயிர் காக்கும் உயிரை இவ்வாறு வாரி அனுப்புவது தகாது என்று பலர் எடுத்துரைத்தனர். 1987-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வேற்றுமதியை நிறுத்திற்று. உணவுக்காகச் சென்ற தவளைகளோடு ஒப்பிட்டால் பாடத்திற்காக இறந்தவை சிலவே. ஆயினும், வயலில் தவளை வேண்டும் என்று வகுப்பில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த மணியில் அதே தவளையை மெழுகில் தைப்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினா புதியதன்று. நம் நாட்டுச் சட்டத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். அடுத்த ஆண்டிலேயே, விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் தனிநபர் முன்வடிவொன்றை அவையிற் கொண்டுவந்தார். அரசே இதனை ஆராய்ந்து ஆவன செய்யும் என்ற உறுதியின்மேல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பல்லாண்டு இயங்கிற்று. அதன் முதல் தலைவரும் அவரே.

அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தோர் சிலராகவே இருப்பர். விலங்குகளின்மேல் செய்யும் சோதனைகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை போன்ற இடங்களில் நூல்களும் மாதிரி உருவங்களும் திரைப்படங்களும் அதே பயனைத் தருமாயின் அவற்றையே பயன்படுத்த வேண்டும் என்றும் அப்பிரிவு கருதுகிறது. 1960-ஆம் ஆண்டின் கருத்து இது. நான் குண்டூசியைக் கையிலெடுத்தபோது இச்சட்டம் நடைமுறையில் இருந்தது. எங்கள் ஆசிரியருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சட்டம் ஒரு வழியே போயிற்று; பாடத்திட்டம் மற்றொரு வழியே போயிற்று.

சட்டம் சொன்ன மாதிரி உருவத்தைச் செய்துகாட்டியவர்களும் இவ்வூராரே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1959-இல் வானூர்தி ஓட்டியான கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் புளூ கிராஸ் சங்கத்தைத் தொடங்கினார். அடிபட்ட நாய்க்கும், நோயுற்ற மாட்டுக்கும் மருத்துவம் செய்யும் சங்கமாகவே மக்கள் அதனை அறிவர். ஆழ்வார்பேட்டையைச் சார்ந்த எல்டாம்ஸ் சாலையே நெடுங்காலம் அதன் முகவரியாக இருந்தது. கேப்டன் சுந்தரத்தின் மகனும் பொறியியலருமான சின்னி கிருஷ்ணா முதலானோர் முயற்சியால் அச்சங்கம் ‘கம்ப்யூஃப்ராக்’ என்னும் கணினிப் பாடமொன்றை உருவாக்கிற்று. பள்ளிகளில் கணினி அரும்பொருளாயிருந்த காலம் அது. தவளையின் உறுப்புகளைக் கத்தியின்றித் திரையிலேயே கண்டறியச் செய்வது அப்பாடத்தின் நோக்கம். எலிக்கும் அவ்வாறே ஒரு பாடம் பிறந்தது. தவளை அறுக்கலாகாது என்று கூறியதோடு நில்லாமல், அறுக்காமற் கற்பிக்கும் வழி இது என்று கையிற் கொடுத்ததே இம்முயற்சியின் சிறப்பு. கண்டனம் செய்வோர் பலர். மாற்றுப்பொருள் செய்து தருவோர் அரியர்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஜெனிஃபர் கிரஹாம் என்னும் உயர்நிலைப்பள்ளி மாணவி, தவளையை அறுக்க மாட்டேன் என்று 1987-இல் மறுத்து வழக்காடினாள். மறுநாள் மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சாமல் ஒரு சிறுமி நின்ற உறுதி அந்நாட்டையே எண்ண வைத்தது. 1988-இல், அவ்வாறு மறுக்கும் உரிமையை மாணவர்க்கு வழங்கும் சட்டம் அம்மாநிலத்தில் நிறைவேறிற்று. வேப்பமரத்தடியில் அமர்ந்த எங்கள் தோழனுக்கு அத்தகைய உரிமை இருந்ததில்லை. அவன் அன்றைய ஏட்டில் படம் வரையவில்லை என்பதற்காகத் தனியே நிற்கவும் நேர்ந்தது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல், கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் அறுப்பதைப் படிப்படியாகக் குறைப்பதற்கு நெறிமுறை வகுத்தது. 2014-இல் அதனை அறவே நிறுத்துமாறு அறிவித்தது. கல்லூரியிலேயே வேண்டாம் என்றான பின்னர்ப் பள்ளியைப் பற்றித் தனியே வாதிட வேண்டுவதில்லை.

இனி, மறுப்பவர் கூற்றையும் நேர்மையோடு கேட்போம். திரையிற் காணும் தவளை எல்லார்க்கும் ஒரே தவளை. மெய்யான தவளைகள் அப்படியல்ல. ஒன்றின் கல்லீரல் பெரிதாயிருக்கும், மற்றொன்றின் வயிற்றில் முட்டைகள் நிறைந்து பிற உறுப்புகளை மறைத்திருக்கும். மஞ்சள் நிறக் கொழுப்பு விரல்கள் ஒன்றில் பருத்தும் ஒன்றில் சுருங்கியும் இருக்கும். புத்தகப் படத்திற்கு இயற்கை கட்டுப்படுவதில்லை என்பதைக் கைதான் கற்பிக்கும். திரை கற்பிக்காது என்பர். இதில் உண்மை உண்டு. எவ்வளவு அழுத்தினால் தோல் பிளக்கும், எவ்வளவு அழுத்தினால் உள்ளுறுப்பும் பிளக்கும் என்னும் கையறிவு கண்ணாடித் திரையைத் தடவுவதால் வாராது.

ஆனால், அக்கையறிவு யாருக்கு வேண்டும்? அறுவை மருத்துவராகப் போகிறவர்க்கு வேண்டும். அவர்க்கு அதனைத் தருவதற்கு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1835-இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர் மனித உடலையே அறுத்துப் பயில்கின்றனர். தம் உடலைக் கல்விக்கு என்று எழுதிவைத்துச் செல்லும் நல்லோர் இருக்கின்றனர். அவர்கள் மனமுவந்து தருகின்றனர். தவளையை யாரும் கேட்கவில்லை. என் வகுப்பிற் படித்தவர்களுள் ஒருவன் வங்கியிற் சேர்ந்தான், ஒருவன் அச்சகம் வைத்தான், ஒருத்தி வழக்கறிஞரானாள். இவர்கள் எவருக்கும் இடுக்கி பிடிக்கும் பழக்கம் பின்னர்ப் பயன்படவில்லை.

எனினும், அறுப்பதை நிறுத்தியவர்கள் அவ்விடத்தில் எதனை வைத்தனர் என்று கேட்டால், பல பள்ளிகளில் வெறுமைதான் விடையாக வருகிறது. மெழுகுத் தட்டுகள் பரணில் ஏறின. கணினிப் பாடம் எங்கும் வந்து சேரவில்லை. வந்த இடத்திலும் ஆசிரியர் ஒருவர் திரையைத் தொட, மாணவர் தொலைவிலிருந்து பார்க்கின்றனர். தவளையின் படத்தைப் புத்தகத்திலிருந்து ஏட்டிற்கும், ஏட்டிலிருந்து விடைத்தாளுக்கும் மாற்றுவதே விலங்கியல் என்றாகிவிட்டது. தவளை பிழைத்தது, பாடம் இறந்தது. இதனை நான் வெற்றி என்று கொள்ளேன்.

உயிருள்ள தவளையே நல்லாசிரியன் என்பதை நாம் மறந்துவிட்டோம். நம் முன்னோர் அதனை நன்கு நோக்கியவர். நன்னூலார் நூற்பாக்களின் நிலைகளைச் சொல்லுமிடத்துத் ‘தவளைப் பாய்த்து’ என்று ஒன்றைக் கூறுகிறார். இடையிலுள்ளதை விட்டு அப்பாற் சென்று பொருந்துவது அது. அப்பெயரிட்டவர் தவளையை அறுத்துப் பார்த்தவரல்லர். வரப்பில் நின்று பார்த்தவர்.

மழைக்குப் பின் தேங்கிய நீரருகே மாணவரைப் பத்து நிமிடம் அமைதியாக அமரச் செய்யுங்கள். தவளையின் தொண்டை ஓயாது ஏறி இறங்குவதைக் காண்பர். அதற்கு விலா எலும்பு இல்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் இல்லை. ஆதலால், நம்மைப்போல் மார்பை விரித்து மூச்சிழுக்க அதனால் இயலாது. வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. ஈரத்தோலாலும் மூச்சு விடுகிறது. தோலாலேயே நீரும் பருகுகிறது. பூச்சியைப் பிடித்து விழுங்கும்போது அதன் கண்கள் உள்ளே அமிழ்வதைக் கூர்ந்து பாருங்கள்: கண்விழிகள் கீழிறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. இறந்து மல்லாந்து கிடக்கும் தவளையில் இவற்றுள் ஒன்றையும் காண இயலாது. நான் நுரையீரலைக் கண்டேன், இரு சுருங்கிய பைகளாக. அது மூச்சுவிடுவதை ஒருநாளும் காணவில்லை.

குருதியோட்டத்தைக் காட்டுவதற்கும் கத்தி வேண்டா. 1688-இல் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக், தலைப்பிரட்டையின் வாலை நுண்ணோக்கியில் வைத்து, தந்துகிகளில் குருதியணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைக் கண்டார். பள்ளியின் எளிய நுண்ணோக்கியே இதற்குப் போதும். சிறு கண்ணாடித் தட்டில் சில துளி நீரோடு தலைப்பிரட்டையை வைத்து, ஓரிரு நிமிடம் பார்த்துவிட்டு, எடுத்த குட்டையிலேயே விட்டுவிடலாம். அது நீந்திப் போகும். அதே குட்டைக்கு வாரம் ஒருமுறை சென்றால், பின்கால் முளைப்பதையும், முன்கால் தோன்றுவதையும், வால் குறுகுவதையும் காணலாம். செவுளால் மூச்சுவிட்ட உயிர் நுரையீரலுக்கு மாறுகிறது. இலையும் பாசியும் தின்றதன் நீண்ட குடல், பூச்சி தின்பதற்கேற்பக் குறுகுகிறது. ஈரறை இதயம் மூன்றறையாகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரு சிறு குட்டை காட்டுகிறபோது, அதனை விட்டு நாம் சாக்குப் பையை நாடினோம்!

உள்ளுறுப்புகளை மெய்யாகவே காட்டவேண்டும் என்றால், முன்னரே அறுத்துப் பதப்படுத்திய ஒரு தவளை கண்ணாடிச் சாடியில் இருந்தால் பல ஆண்டு மாணவர்க்கு அது போதும். அதனோடு களிமண்ணும் கொடுங்கள். கல்லீரலின் மூன்று மடல்களையும், இரைப்பையையும், சிறுநீரகங்களையும் தாமே செய்து பொருத்தட்டும். களிமண்ணில் பித்தப்பையை எங்கே வைப்பது என்று திகைக்கும் மாணவன், படம் வரைந்தவனைக் காட்டிலும் நன்றாக அதனை நினைவிற் கொள்வான்.

அந்த இதயத்தை என்ன செய்வது? இக்கேள்வியை நான் என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறேன். அது துடித்ததைக் காணாமலிருந்தால் எனக்கு இழப்புத்தான். ஆயின், நான் கண்ட துடிப்பை அன்று எவரேனும் படம் பிடித்திருந்தால், என் வகுப்பின் தவளைகளிற் பல சாக்கிலிருந்து மீண்டு நீருக்குத் திரும்பியிருக்கும். படம் பிடிப்பது அன்றும் இயலாத செயலன்று. அதைத்தானே சட்டமும் ‘திரைப்படங்கள்’ என்று சொல்லி வைத்திருந்தது! இன்று ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கைப்பேசி அதனை நொடியிற் காட்டுகிறது. எனக்குக் கிடைத்தது வேறொருவருக்கும் கிடைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்காக மறுபடியும் மறுபடியும் ஓர் உயிரைச் செலவிட வேண்டாம் என்றே சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருமுனைக் காலிமனையில் நீர் நின்றது. அண்டை வீட்டுச் சிறுமி கைவிளக்கோடு வந்து, “தாத்தா, அந்தத் தவளைக்கு ஏன் தொண்டை துடித்துக்கொண்டே இருக்கிறது? பயமா?” என்று கேட்டாள். விடையைச் சொல்ல வாயெடுத்தேன். பின்னர், விளக்கைச் சற்றே தாழ்த்திப் பிடிக்குமாறு கூறினேன். இருவரும் குனிந்து எண்ணத் தொடங்கினோம். அறுபது வரை எண்ணுவதற்குள் அது குதித்து நீருக்குள் போய்விட்டது. “நாளைக்கும் வரலாமா?” என்றாள்.